கார்லைல் பையன்களின் 1912

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்து என்றதும் நமக்குக் காலால் உதைக்கும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அமெரிக்கர்களின் கால்பந்து. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுபவனை மண்ணில் சாய்ப்பது எதிரணியின் வேலை.

பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில், 1879இல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். வந்த பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று 'இந்தியர்' என்றுதான் அழைத்தார்கள். "அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று" என்பது பிராட்டின் கொள்கை. அந்தப் பள்ளியின் பையன்கள்தான் பெரிய கல்லூரிகளோடு மோதினார்கள். 1911இல் ஹார்வர்டையே 18-15 என்று வென்றார்கள்.

மறு ஆண்டு, 1912 நவம்பர் 9, சனிக்கிழமை. வெஸ்ட் பாயின்ட் மைதானம். எதிரே ராணுவக் கல்லூரி அணி. அமெரிக்கப் படை லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்ற வூண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. படைவீரர்களின் துப்பாக்கிக்கு இரையான மக்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். நாளைய படை அதிகாரிகள் மறுபக்கம். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசனோவரும் அந்த அணியில் ஆடினார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

பயிற்சியாளர் பாப் வார்னர் ஒரு புது அணிவகுப்பைத் தயாரித்திருந்தார். பின்வரிசை ஆட்டக்காரர்கள் இருவரை முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நிறுத்தினார். பந்து யார் கைக்குப் போகிறது, எந்தப் பக்கம் பாய்கிறது என்று எதிரணிக்குப் பிடிபடவில்லை. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்த கார்லைல் ஆட்டக்காரர் ஜிம் தோர்ப் மீது எல்லோர் கண்ணும் இருந்தது. அவரை மடக்க ஆட்கள் குவிந்தார்கள். அவருடைய அணித் தோழர் அலெக்ஸ் அர்காசா மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார். கார்லைலின் ஜோ கையனோடு மோதி முறை தவறியதற்காக ராணுவ அணித் தலைவரே வெளியேற்றப்பட்டார். முடிவு 27-6, கார்லைலுக்கு வெற்றி.

மறு வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். அந்த ஆண்டில் அவர்கள் கண்ட ஒரே தோல்வி அதுதான். மொத்தம் 12 வெற்றி, ஒரு சமன்.

இந்த வெற்றிகளைப் பள்ளியின் கணக்கில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மைதானத்தில் அவர்கள் காட்டிய வேகமும் தந்திரமும் அவர்களுடையவை. பள்ளியைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. 1914இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழு கார்லைலில் விசாரணை நடத்தியது. வெஸ்ட் பாயின்ட்டில் பந்தை வழிநடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச் அந்தக் குழுவின் முன் சென்றார்; தன் பயிற்சியாளர் வார்னருக்கு எதிராகவே சாட்சி சொன்னார்.