சிங்கப்பூர் மெனுவில ரெண்டு கூட்டல் குறி: 80 டொலர் சாப்பாடு எப்பிடி 101 டொலர் ஆனது?

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ? இண்டைக்கு பினாங்கு வீடியோவின்ர மிச்சம் போடுறன் எண்டு சொன்னனான். அதை அடுத்த கிழமைக்குத் தள்ளி வைக்கிறன். ஏனெண்டால் முந்தநாள் புதுக்குடியிருப்பில இருந்து எங்கட சனல் பாக்கிற ஒரு அக்கா ஒரு பில்லைப் படமெடுத்து அனுப்பினவா. சிங்கப்பூரில, ஒரு ஏசி போட்ட சாப்பாட்டுக் கடை. கடையின்ர பேர் வேண்டாம். அவவும் மனுசனும் ரெண்டு பிள்ளையளும். மெனுவைப் பாத்து மனசுக்குள்ள கூட்டினது 80 டொலர். கட்டினது 101 டொலர் 92 சதம். "தம்பி, எங்களை ஏமாத்திப்போட்டாங்களோ?" எண்டு கேட்டிருக்கிறா.

அக்கா, ஏமாத்தேல்லை. ஆனா உங்களுக்கு முதலே ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அதுதான் எனக்குக் கோவம். இதை நான் வடிவா உடைச்சுக் காட்டுறன், பேனை எடுங்கோ.

அந்த மெனுவில விலைக்குப் பக்கத்தில சின்னனா ரெண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி சேவைக் கட்டணம், 10 வீதம். ரெண்டாவது குறி ஜிஎஸ்ரி, எங்கட வற் மாதிரி, 2024 ஜனவரி 1 இல இருந்து 9 வீதம். ரெண்டையும் கூட்டி 19 எண்டு நினைச்சா அங்கதான் பிழை. சேவைக் கட்டணத்தைப் போட்டுட்டு, வாற தொகைக்கு மேலதான் வரி. அப்ப 100 டொலர் 110 ஆகி, பிறகு 119 டொலர் 90 சதம் ஆகும். சுருக்கமா, ரெண்டு கூட்டல் குறி கண்டால் விலையோட அஞ்சில ஒரு பங்கைக் கூட்டுங்கோ. கணக்குச் சரியா வரும்.

அப்ப 80 டொலருக்கு 95 டொலர் 92 சதம்தானே வரவேணும், மிச்ச ஆறு டொலர் எங்கால? பில்லைப் பெரிசாக்கிப் பாத்தன். மேசையில இருந்திருக்கு ஒரு சின்னக் கோப்பை கச்சான், மூண்டு டொலர். நாலு பேருக்கும் பைக்கற்றில ஈர லேஞ்சி, ஒண்டு 50 சதப்படி ரெண்டு டொலர். அப்ப 85. அதுக்கு 10 வீதம் 8 டொலர் 50 சதம், 93.50. அதுக்கு 9 வீதம் 8 டொலர் 42 சதம். 101.92. சரியோ? கச்சானுக்கும் சேவைக் கட்டணம், கச்சானுக்கும் வரி!

இது அங்க கன சீனச் சாப்பாட்டுக் கடையளில வழமை. எங்கட ஊரில மேசையில ஒண்டை வைச்சா அது உபசரிப்பு. அங்க கேக்காமல் வைச்சாலும் தொட்டால் காசு. இருந்த உடனே, தொட முதல், கச்சானும் லேஞ்சியும் வேண்டாம் எண்டு சொல்லி எடுப்பிச்சுப் போடுங்கோ. பில்லில இருந்து கழிச்சு விடுவினம். முகம் பாத்துக் கூச்சப்பட வேண்டாம், அந்த ஊர்ச் சனமே அப்பிடித்தான் செய்யுது.

ஏன் வரியையும் சேத்து விலையைப் போடாயினம் எண்டு கேப்பியள். சிங்கப்பூரில மற்றக் கடையள் எல்லாம் வரியோட சேத்துத்தான் விலை காட்டவேணும், அது சட்டம். சேவைக் கட்டணம் எடுக்கிற ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மட்டும் விலக்கு இருக்கு. "நெற்" எண்டு போட்டிருந்தால் எல்லாம் அடங்கின விலை. ரிப்ஸ் குடுக்கத் தேவையில்லை, அந்த 10 வீதத்திலயே அது முடிஞ்சுது. விமான நிலையத்தில வரியைத் திருப்பி எடுக்கலாம் எண்டு ஆரும் சொன்னால், அது 100 டொலருக்கு மேல வாங்கின சாமானுக்கு. சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இல்லை.

சிங்கப்பூர் டொலர் ஒண்டு எங்கட காசில 230 ரூவா கிட்ட எண்டு வையுங்கோ. அக்கா கூடக் கட்டினது அஞ்சாயிரம் ரூவா. கிளிநொச்சியில நாலு பேர் ரெண்டு நேரம் மீனோட சோறு சாப்பிடுற காசு.

சரி, அப்ப எங்க சாப்பிடுறது? ஹோக்கர் சென்ரர். அங்க தமிழ்ப் பலகையில "உணவங்காடி நிலையம்" எண்டு எழுதியிருக்கும், எனக்கு நல்லாப் பிடிச்ச சொல்லு. 2020 டிசம்பரில யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில சேத்த விசயம் இது. ஒரு கூரைக்குக் கீழ கன கடை, கூட்டல் குறி இல்லை, போட்ட விலைதான் விலை. கோழிச் சோறு 4 டொலரில இருந்து 6, பிரியாணி 6 இல இருந்து 8, வெறும் பிராட்டா ஒண்டரை டொலர் கிட்ட.

போய் முதல்ல மேசையைப் பிடிக்கவேணும். மேசையில ஒரு ரிஸ்யூ பைக்கற்றோ குடையோ தனிய கிடந்தால் ஆரோ மறந்துபோட்டுப் போனது எண்டு எடுத்துப் போடாதேங்கோ, அது இடம் பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம். நீங்களும் அப்பிடியே வைக்கலாம். கையில 2, 5, 10 டொலர்த் தாள் வைச்சிருங்கோ, பழைய கடையள் எங்கட வங்கிக் காட் எடுக்காது. சாப்பிட்டு முடிய கோப்பையையும் தட்டத்தையும் நீங்கள்தான் கொண்டுபோய் அதுக்கெண்டு இருக்கிற அடுக்குத் தட்டில வைக்கவேணும். 2021 செப்ரம்பர் 1 இல இருந்து இது கட்டாயம். முதல் தரம் எழுத்தில எச்சரிக்கை, ரெண்டாந்தரம் 300 டொலர் தண்டம். ஹலால் கோப்பையளுக்குத் தனித் தட்டு இருக்கும், மாறி வைச்சுப் போடாதேங்கோ. மேசையில கச்சான் ஒருத்தரும் வைக்க மாட்டினம்.

ஐயோ, ஒண்டு விட்டிட்டன், இதை முதல் சொல்லியிருக்கவேணும். எங்கட இலங்கைப் பாஸ்போட்டுக்கு சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை. ஆனா எஸ்ஜி எரைவல் கார்ட் எண்டு ஒரு வருகைப் படிவம், போய் இறங்குற நாளையும் சேத்து மூண்டு நாளுக்குள்ள இணையத்தில நிரப்பவேணும். அது இலவசம். காசு கேக்கிற தளம் வந்தால் மூடிப்போடுங்கோ, அது அரசாங்கத்தின்ர இல்லை. பாஸ்போட் ஆறு மாசமாவது செல்லுபடியா இருக்கவேணும். வெத்திலை போடுற அப்பு ஆச்சியளைக் கூட்டிக்கொண்டு போறவை வடிவாக் கேளுங்கோ: வாய்க்குள்ள போடுற புகையிலை அங்க தடை. ஒரு துண்டும் பையில வேண்டாம். சிகரெட்டுக்கும் வரியில்லாச் சலுகை கிடையாது, ஒரு பெட்டி எண்டாலும் சொல்லி வரி கட்டவேணும்.

சாங்கி விமான நிலையத்தில இருந்து தேக்காவுக்கு, அதுதான் லிற்றில் இந்தியாப் பக்கம், வாறதுக்கு ரக்சி தேவையில்லை. ரெயின் எடுத்து அடுத்த நிப்பாட்டு எக்ஸ்போவில இறங்கி டவுன்ரவுன் பாதைக்கு மாறினால் நேர லிற்றில் இந்தியா. பலகையில தமிழ் இருக்கு. ரெயினுக்க ஒண்டும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 டொலர் வரைக்கும் தண்டம். பிள்ளையளின்ர கையில இருக்கிற பிஸ்கற்றையும் உள்ளுக்க வையுங்கோ.

இப்ப தேத்தண்ணி. பழைய ஆக்களுக்குத் தெரியும், தேத்தண்ணி பிழைச்சால் எனக்கு அந்த ஊரே பிழைச்ச மாதிரி. சிங்கப்பூர்த் தேத்தண்ணி பிழைக்காது, கேக்கிற முறைதான் பிழைக்கும். "தே" எண்டு மட்டும் கேட்டால் ரின்பால் விட்ட தேத்தண்ணி வரும், இனிப்பு பல்லில ஒட்டும். எங்கட பிளேன் ரீ வேணுமெண்டால் "தே ஓ", அதில சீனி இருக்கும். "கொசோங்" எண்டால் மலாயில வெறும், ஒண்டுமில்லாதது. அப்ப "தே ஓ கொசோங்" சீனி இல்லாத பிளேன் ரீ. "தே சி" எண்டால் இனிப்பில்லாத ரின்பாலும் சீனியும். சீனி வருத்தக்காரர் கேக்கவேண்டியது "தே சி கொசோங்", பால் இருக்கும், சீனி இல்லை. "சியூ டாய்" எண்டால் இனிப்புக் குறைச்சு, "பெங்" எண்டால் ஐஸ், அதுக்குச் சதம் கூட. "தே" இருந்த இடத்தில "கோப்பி" போட்டால் எல்லாம் கோப்பிக்கும் அப்பிடியே. தேக்காவில எங்கட ஆக்களின்ர கடையில தமிழிலயே கேக்கலாம், ஆனா "தேத்தண்ணி" எண்டால் முழிப்பினம், "டீ" எண்டு கேளுங்கோ. "தே ஹாலியா" இஞ்சி போட்டது, மழைக்கு அதுதான்.

அதே கொசோங் பிராட்டாவுக்கும். பிராட்டா கொசோங் எண்டால் முட்டை, வெங்காயம் ஒண்டுமில்லாதது. எங்கட பறோட்டாவை விட மொறுமொறுப்பு, கல்லால எடுத்த உடனே சாப்பிடவேணும், பத்து நிமிசம் விட்டால் தோல் மாதிரி இழுபடும். பார்சல் வேண்டாம்.

கோழிச் சோறு பாத்துப் பலபேர் "வெறும் சோறும் அவிச்ச கோழியும், இதென்ன?" எண்டு கேட்டிருந்தியள். அந்தச் சோறுதான் சாப்பாடு, கோழி துணைக்கு. கோழிக் கொழுப்பில உள்ளியும் இஞ்சியும் வதக்கி, அரிசியைப் பிரட்டி, கோழி அவிச்ச தண்ணியும் ரம்பையும் போட்டு ஆக்குறது. கோழியைக் கொதிக்க விடாமல் மெல்லின சூட்டில அவிச்சு, எடுத்த கையோட ஐஸ் தண்ணிக்க போடுவினம், அதாலதான் தோல் வழுவழுப்பா ஜெலி மாதிரி நிக்குது. எலும்புக்குக் கிட்ட கொஞ்சம் சிவப்பா இருக்கும், பயப்பட வேண்டாம். மனம் ஏற்காட்டில் பொரிச்ச கோழி கேளுங்கோ. மிளகாய்ச் சட்னியைச் சோத்தில பிரட்டிச் சாப்பிடுங்கோ. பதினொண்டரைக்கு முதல் போங்கோ, பன்ரெண்டுக்குப் பிறகு கந்தோர்ச் சனம் வரிசை. திங்கக்கிழமை கன கடை பூட்டு. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முழு நிலையத்தையுமே கழுவப் பூட்டுவினம், போக முதல் பாத்துப் போங்கோ.

விரதக்காரருக்கு ஒரு முக்கியமான விசயம். கங்குன் வறை மாதிரி ஒண்டு பச்சைப் பசேலெண்டு இருக்கும், மரக்கறி எண்டு வாங்கினால் அதில பெலாச்சான் இருக்கும். அது புளிக்க வைச்சுக் காயவைச்ச றால் கூழ். சூப்பில கோழித் தண்ணி, வறுத்த நூடில்ஸில பண்டிக் கொழுப்பு. வெள்ளிக்கிழமையில வேற யோசனை வேண்டாம், சிராங்கூன் றோட்டில கோமள விலாஸ், 1947 இல இருந்து இருக்கிற சைவக்கடை. வாழையிலைச் சாப்பாடு. கடோங் பக்கம் சிலோன் றோட்டில செண்பக விநாயகர் கோயில், எங்கட இலங்கைத் தமிழர் கட்டி நடத்துற கோயில், மரீன் பரேட் ஸ்ரேசனில இறங்கி நடக்கலாம். அந்தப் பக்கத்து லக்சாவும், தேங்காய்ப்பால் விட்ட நூடில்ஸ் சூப், பேர்போனது, நூடில்ஸை வெட்டி விட்டிருப்பினம், கரண்டி மட்டும் காணும். அதில றாலும் மட்டியும், அப்ப கோயில் முதல், லக்சா பிறகு.

மீன் தலைக் கறி 1949 இல கோமஸ் எண்ட கேரளக்காரர் சீனச் சனத்துக்காகத் தொடங்கினது. பழப்புளி, வெண்டிக்காய், கத்தரிக்காய் எல்லாம் போட்டது, எங்கட நாக்குக்கு வேற ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. தலையின்ர அளவுக்கு விலை மாறும், அடுப்பில வைக்க முதல் கேளுங்கோ.

சில்லி நண்டுக்கு மட்டும் நான் கை காட்ட மாட்டன். பலகையில "சிறிலங்கா நண்டு" எண்டு எழுதித்தான் விப்பினம், எங்கட களப்பு நண்டுக்கு அங்க அவ்வளவு மதிப்பு. விலை கிலோக் கணக்கு, மெனுவில விலைக்குப் பதிலா "பருவகால விலை" எண்டு போட்டிருக்கும், மேலதிகமா ரெண்டு கூட்டல் குறியும். சோஸ் தக்காளியும் முட்டையும் சேந்த இனிப்பு. கட்டாயம் சாப்பிடவேணும் எண்டால் மிளகு நண்டு எடுங்கோ, முதல்ல நிறுத்துக் காட்டச் சொல்லி மொத்தம் எவ்வளவு எண்டு எழுதி வாங்குங்கோ.

கடைசியா காயா. தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை. மெல்லின நெருப்பில கை எடுக்காமல் கிண்டி எடுக்கிறது, வட்டிலப்பம் ஜாமாகின மாதிரி. ரோஸ்ட் பாணுக்க காயாவும் குளிர்ப் பட்டர்த் துண்டும். பட்டர் உருகக் கூடாது, அதாலதான் தடிப்பா வெட்டி வைக்கிறது. பக்கத்தில அரைவேக்காட்டு முட்டை வரும், சோயாவும் மிளகுத்தூளும் போட்டு அடிச்சு பாணை அதில தோய்ச்சுச் சாப்பிடுங்கோ. போத்தலில வாங்கிக்கொண்டு வரலாம், ஆனா கைப்பையில வைக்காதேங்கோ, 100 மில்லிக்கு மேல எண்டால் ஸ்கானிங்கில எடுத்துப்போடுவினம். பெரிய பையில, துவாயால சுத்தி, நடுவில. அடுப்பில கிண்டி உடனே போத்தலில விட்டு விக்கிறது கன நாள் நிக்காது, கொண்டு வந்து சேர உடனே பிரிஜ்ஜில வையுங்கோ. நாள் போட்டு மூடி அடைச்சு வாறதைத்தான் கட்டுநாயக்காவில இருந்து கிளிநொச்சி வரைக்கும் பஸ்ஸில நம்பிக் கொண்டுவரலாம்.