பென்சில் வருது, வாட்டர்கலர் சேறாகுது: அடுத்து என்ன பண்றது?

அடுத்த கேள்வி. "நானாத்தான் வரையக் கத்துக்கிட்டேன். பென்சில் ஷேடிங் நல்லா வருது. வாட்டர்கலர் தொட்டா சேறாயிடுது. விட்டுட்டு அக்ரிலிக், ஆயில்னு போயிடலாமா? களிமண் சிலை பத்தியும் சொல்லுங்க."

தாராளமா போகலாம். ஆனா சேறு ஏன் வருதுன்னு பார்க்காம போனா, அங்கயும் வரும்.

முதல்ல பேப்பர். ஸ்கெட்ச்புக் தாள் தண்ணி தாங்காது. 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ், அதாவது கொஞ்சம் சொரசொரப்பான கனமான வாட்டர்கலர் தாள் வாங்குங்க. விலை உறுத்தினா ஒரு பெரிய ஷீட்டை எட்டா வெட்டிக்கோங்க. காசை பிரஷ்ல போடாதீங்க, பேப்பர்ல போடுங்க. அடுத்தது, பென்சில் பழக்கம். அதுல மேல மேல தேய்க்கலாம். இதுல தேய்ச்சா அடிப்பூச்சு கரைஞ்சு மேல வந்துடும். புறங்கையை வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா இன்னும் காயலை, கை வைக்காதீங்க. ஒரு கலவைக்கு ரெண்டு நிறம் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூணையும் போட்டுக் கலக்கினா பழுப்புதான் வரும்.

இதையெல்லாம் நிறத்தோட பழகாதீங்க. ஒரு பித்தளைச் செம்பை ஜன்னலோரம் வைங்க. பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பழுப்பு ஒண்ணே ஒண்ணு, அதுல வெளிர்ல இருந்து அடர் வரைக்கும் அஞ்சு அழுத்தம், அதை வச்சே முடிங்க. பளபளக்கிற இடம் வெறும் பேப்பர், அதை முதல்லயே விட்டுடணும். ஒரே நிறத்துல நாள் போறதுன்னு கவலைப்படாதீங்க. ஓவியர் ஆதிமூலம் ஓவியக் கல்லூரியில படிச்சவர்தான், அவரே பல வருஷம் கறுப்பு மையில கோடு போட்டுட்டுத்தான் ஆயில்ல பெரிய அரூப ஓவியங்களுக்கு வந்தார்.

அப்புறம் அதே செம்பை அக்ரிலிக்ல போடுங்க. பொருள் மாறக்கூடாது, அப்பத்தான் மீடியம் என்ன பண்ணுதுன்னு தெரியும். வாட்டர்கலர் காய்ஞ்சா வெளிறும், அக்ரிலிக் காய்ஞ்சா கறுக்கும். அதுல இருக்கிற பசை ஈரத்துல பால் மாதிரி வெளுப்பு, காய்ஞ்சா தெளிஞ்சுடும், அதான் காரணம். அதனால கலந்ததை ஒரு துண்டுத் தாள்ல தடவி, காயவிட்டுப் பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு பேலட் சீக்கிரம் இறுகிடும். ஈர டிஷ்யூ மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல வைங்க. அக்ரிலிக் ஒட்டிக் காய்ஞ்ச பிரஷ் போனதுதான்.

ஆயில்ல ஒண்ணு தவறினா பல மாசம் கழிச்சுத்தான் தெரியும். அடிப்பூச்சு டர்பன்டைன்ல நீர்த்து இருக்கணும், மேல போகப் போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூடணும். தலைகீழா போட்டா மேல்பூச்சு முன்னாடி இறுகிடும், அடியில இன்னும் அசைஞ்சுக்கிட்டிருக்கும், விரிசல் விடும். அக்ரிலிக் மேல ஆயில் போடலாம். ஆயில் மேல அக்ரிலிக் வேண்டாம், உரியும். லின்சீட் துடைச்ச துணியை சுருட்டி குப்பைக்கூடையில போட்டுடாதீங்க. தானா சூடேறி தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு, வெளியில ஒத்தையா விரிச்சுக் காயப்போடுங்க.

களிமண்ணும் கேட்டிருந்தீங்க. சூளையில சுடறதா இருந்தா உள்ளே குடைஞ்சு, சுவரை ஒரே கனமா வைங்க. உள்ளே ஈரம் மிச்சமிருந்தா ஆவியாகி வெடிச்சுடும், பக்கத்துல இருக்கிற சிலையையும் சேர்த்து.