சின்னப்பொண்ணு எத்தனை பேர்?

(தருமபுரியில் சமூகநலப் பணியாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் மாவட்டச் சமூகநல அலுவலர் அவர்களே, நீதிமன்றப் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் நீதிபதி அவர்களே, இந்த அரங்கைக் கட்டணமின்றி அளித்ததோடு மதிய உணவுக்கும் ஏற்பாடு செய்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் களப்பணியாளர்களே, 2004-ஆம் ஆண்டு மாவட்டம் பிரிந்த பிறகும் உறவு பிரியாமல் அஞ்செட்டியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வந்திருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நீதிபதி அவர்கள் இத்தகைய கூட்டத்தில் கடைசி வரை அமர்ந்து கேட்பது நமக்குக் கிடைத்த பேறு. சென்ற முறை நாங்கள் எழுப்பிய ஐயங்களை அவர்கள் கைப்படக் குறித்துச் சென்றதை நான் மறக்கவில்லை.

ஒரே ஆள் பல அலுவலகங்களிலும் பல தொண்டு நிறுவனங்களிலும் உதவி நாடும்போது நம் அறிக்கையில் அவரை எப்படிக் காட்டுவது என்பதே எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. எண்ணிக்கை, அலைச்சல், ரகசியம், கணினி ஆகிய நான்கையும் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன்.

மகளிர் ஊர்நல அலுவலராக நான் பணியாற்றிய காலத்தில் என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று எப்போதும் என் நாவில் இருக்கும். பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை. பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் பாரம் தெரியாது என்பதற்காகப் பெரியவர்கள் சொன்ன சொல் இது. நம் துறையிலோ பத்து அலுவலகங்களுக்கும் ஆளுக்கொரு படிவம் என்பது பல்குச்சிதான். அந்தப் பத்துப் படிவத்தையும் சுமக்கிற ஒருத்திக்கு அது தலைச்சுமை.

அப்படிச் சுமந்த ஒருத்தியின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சின்னப்பொண்ணு என்று வைத்துக்கொள்வோம். சித்தேரி மலையில் ஒரு குக்கிராமம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஓர் ஆய்வுக் கூட்டத்தில் ஐந்து இடங்களிலிருந்து வந்த பட்டியல்களை வரிசையாக வாசித்தார்கள். கணவனின் அடி தாங்காமல் உதவி கோரிய பெண்கள், மலைப்பகுதியில் மட்டும் ஐந்து பேர் என்று கூட்டல் வந்தது. ஐந்து பேருக்கும் உதவி வழங்கப்பட்டது என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது பட்டியலில் “மகனுக்குப் பிறவியிலேயே கால் வளைவு” என்று ஒரு குறிப்பு இருந்தது. நான்காவது பட்டியலிலும் அதே குறிப்பு. ஒரு மலையில், ஒரே மாதத்தில், அடிபட்ட இரண்டு தாய்மாருக்கும் கால் வளைந்த பிள்ளையா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் அரூருக்குப் போய், அங்கிருந்து மலைப் பேருந்து ஏறினேன்.

வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து என் முன்னால் கவிழ்த்தாள். ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் மட்டும் பதினான்கு இருந்தன. மடித்த இடமெல்லாம் நைந்துபோன மனு நகல்கள், காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்குத் தந்த ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, மருத்துவமனைச் சீட்டு, ஒரு முகாமில் கொடுத்த டோக்கன். அவற்றை நான் திண்ணையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் சின்னப்பொண்ணு, ஓரிடத்தில் சின்னபொன்னு, இன்னோரிடத்தில் வெறும் பொன்னு. ஒன்றில் தந்தையின் தலைப்பெழுத்து, மற்றொன்றில் கணவனுடையது. முகவரி ஒன்றில் சித்தேரி, ஒன்றில் குக்கிராமத்தின் பெயர், ஒன்றில் அரூர் அருகேயுள்ள தாய்வீடு. வயது இருபத்தெட்டு, முப்பது, முப்பத்து மூன்று. அவளிடம் கைபேசி இல்லாததால் அன்றன்று பக்கத்தில் நின்றவரின் எண் எழுதப்பட்டிருந்தது. பட்டியலில் இருந்த ஐந்து பெண்களும் அந்தத் திண்ணையில் ஒருத்தியாக என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. முதல் அலுவலகம் அவளை இரண்டாவது அலுவலகத்திற்குப் பரிந்துரைத்திருந்தது, இரண்டாவது மூன்றாவதற்கு, இப்படியே போய் ஐந்தாவது இடத்தில் இருந்தவர்கள் அவளை மீண்டும் முதல் அலுவலகத்திற்கே அனுப்பியிருந்தார்கள். பரிந்துரைத்ததையே உதவி என்று கணக்கெழுதி ஐவரும் கோப்பை முடித்துவிட்டார்கள். ஐவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் ஐந்து பெண்களுக்கு உதவி கிடைத்ததாக அறிக்கை சொன்ன மாதத்தில், உதவி எதுவுமே கிடைக்காத ஒருத்திதான் இருந்தாள். “ஒவ்வொரு இடத்துலயும் மொதல்ல இருந்து சொல்லச் சொல்றாங்கம்மா. அடிச்சது ஒரு தடவன்னா, சொல்றது அஞ்சு தடவயா இருக்கு” என்றாள். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு நாள் புளி உடைக்கும் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. அந்த மஞ்சப்பையைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குத் தாயாரின் பழமொழிதான் நினைவுக்கு வந்தது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டாக, மூன்று அமைப்புகள் முறையே 40, 30, 20 பேருக்கு உதவியதாக எழுதுகின்றன என்று கொள்ளுங்கள். கூட்டினால் 90. ஆனால் உதவி பெற்றவர்கள் 40 பேராகவும் இருக்கலாம், 90 பேராகவும் இருக்கலாம். பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்காத வரையில் அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறோம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: எத்தனை முறை உதவி வழங்கப்பட்டது என்பது ஒன்று, எத்தனை ஆட்களுக்கு என்பது மற்றொன்று. பரிந்துரைகளுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்க வேண்டும். அனுப்பிய இடத்தில் ஆள் போய்ச் சேர்ந்தாரா என்று தெரிந்த பிறகே அதை நிரப்ப வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீடற்றோரை ஒரே ஆளைப் பலமுறை எண்ணாமல் கணக்கிட வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் வீட்டுவசதித் துறைக்குப் பணித்தது. அதற்கெனப் பொதுவான கணினிப் பதிவுமுறை வந்தது. ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கு உதவும் அமைப்புகள் அப்பொதுப் பதிவில் அவர்கள் பெயரை ஏற்றக் கூடாது என்று பின்னர் சட்டமே தடுத்துவிட்டது. தேடி வருகிற கணவன் கையில் அந்த விவரம் சிக்கிவிடக்கூடாது என்ற அச்சமே காரணம். எண்ணிக்கை சரியாக இருப்பதைவிட உயிர் பெரிது என்று அவர்கள் முடிவு செய்ததை நான் மதிக்கிறேன். நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், சம்பந்தப்பட்டவரின் இசைவின்றி அவருடைய நிலையை வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்திற்கு ஒருவர் போய் வந்த செய்தி, தையல் பயிற்சி தருகிற நிறுவனத்திற்குத் தெரிய வேண்டிய தேவை என்ன? ஆதார் எண்ணைப் போட்டு எல்லாப் பட்டியலையும் இணைத்துவிடலாம் என்று எளிதாகச் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதைப் பற்றி நீதிபதி அவர்கள் என்னைவிடத் தெளிவாக உரைப்பார்கள் என்பதால் விரிக்காமல் விடுகிறேன்.

நான் மூன்று ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது ஒரு சிறிய கைப்புத்தகம். கருவுற்ற தாயின் கையில் தாய் சேய் நல அட்டை இருக்கிறதல்லவா? எந்த ஊர்ச் செவிலியரிடம் காட்டினாலும் இதுவரை நடந்தது தெரிகிறது. தாய் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அதுபோல உதவி நாடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம், அவர் கையிலேயே. அதில் பெயர் வேண்டாம், காரணமும் வேண்டாம், ஏனென்றால் அது கணவன் கண்ணில் படக்கூடும். ஓர் எண், வந்த தேதி, அலுவலக முத்திரை, அடுத்து எங்கே எந்த நாளில் போக வேண்டும் என்ற ஒரு வரி ஆகியவை போதும். மாத அறிக்கையில் பெயருக்குப் பதில் அந்த எண்ணை எழுதினால், ஐந்து பட்டியலிலும் ஒரே எண் வரும்போது ஒருத்தி ஒருத்தியாகவே தெரிவாள். வீட்டில் வைக்க அஞ்சுகிறவர் அதை அங்கன்வாடியிலோ தாய்வீட்டிலோ வைத்துக்கொள்ளட்டும். அதை அவரே முடிவு செய்யட்டும்.

படிக்காத பெண்கள் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ஆம் ஆண்டு இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் சேமிப்புப் புத்தகத்தைத் துணியில் சுற்றி, நெல் குதிருக்கு மேல் ஏற்றி வைத்துக் காத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னப்பொண்ணு பதினான்கு ஜெராக்ஸையும் ஒன்றுகூடத் தொலைக்காமல் வைத்திருந்தாளே.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டிவிட்டார்கள். கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இளைய நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன். என் சொந்தச் செலவில் அச்சிட்ட பதினாறு பக்க மாதிரிப் புத்தகங்கள் நாற்பது கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. ஒவ்வோர் அலுவலகமும் இரண்டு எடுத்துச் சென்று, அடுத்து வருகிற இருவருக்குக் கொடுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் போதவில்லை, எது தேவையில்லை என்று அட்டையின் பின்புறம் எழுதி அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். முதல் புத்தகத்தை மாவட்டச் சமூகநல அலுவலர் அவர்களிடம் இப்போது அளிக்கிறேன்.

நன்றி, வணக்கம்.