தண்ணீரைக் கிழிக்காத துடுப்பு

அனைவருக்கும் வணக்கம்.

வெயில் நேரத்தில் தெளிந்த குளத்தின் ஓரமாகக் குனிந்து பார்த்திருப்பீர்கள். நீளமான கால்களைப் பரப்பிக்கொண்டு தண்ணீர்மேல் ஒரு பூச்சி சர்ரென்று வழுக்கிப் போகும். வாட்டர் ஸ்டிரைடர் என்பார்கள். அடுத்த முறை பூச்சியை விட்டுவிட்டு, அடியில் மணலில் விழும் அதன் நிழலைப் பாருங்கள். கால் தலைமுடி போல மெலிசு. நிழலிலோ நடுக்காலுக்கும் பின்காலுக்கும் முட்டை வடிவத்தில் பெரிய கரும்பொட்டு, சுற்றிலும் பளிச்சென்று ஒரு விளிம்பு. அது வெறும் காலின் நிழல் இல்லை. கால் அழுத்திய இடத்தில் தண்ணீர் குழிந்திருக்கிறது. அந்தக் குழி வெளிச்சத்தை வளைத்துத் தள்ளுகிறது. இன்று நான் பேச வந்தது அந்தக் குழியைப் பற்றித்தான்.

மிதப்பது எப்படி என்று கேட்டால், பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்வது, என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். சரிதான். காலில் அடர்ந்திருக்கும் நுண்ணிய மயிர்களும், அவற்றில் ஓடும் இன்னும் நுண்ணிய வரிப்பள்ளங்களும் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கால் நனைவதில்லை. ஒரே ஒரு கால், பூச்சியின் எடையைப்போல சுமார் 15 மடங்கு தாங்கும் என்று சீன விஞ்ஞானிகள் காவ், ஜியாங் இருவரும் 2004இல் அளந்து சொன்னார்கள்.

ஆனால் மிதப்பது வேறு, ஓடுவது வேறு. முன்னே போகவேண்டுமென்றால் எதையாவது பின்னே தள்ளியாக வேண்டும். வழுக்கும் பரப்பில் நின்றுகொண்டு இந்தப் பூச்சி எதைத் தள்ளுகிறது? கால் அடிக்கும்போது எழும் சிற்றலைகளைத்தான் என்று வெகுநாள் நம்பினார்கள். அதில் ஒரு சிக்கல். தண்ணீரில் எந்த அலையும் நொடிக்கு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் போகாது. அதைவிட மெதுவாக அசையும் கால் அலை எழுப்பாது என்று கணக்கு சொன்னது. பிறந்த குஞ்சுப் பூச்சியின் கால் அந்த வேகத்தைத் தொடுவதில்லை. அப்படியானால் குஞ்சு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதுவோ ஓடுகிறது! 1993இல் உயிரியலாளர் மார்க் டென்னி எடுத்துக்காட்டிய இந்தப் புதிருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பத்து வருடம் கழித்து, 2003இல், அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹூ, பிரையன் சான், ஜான் புஷ் மூவரும் தண்ணீரில் சாயம் கலந்து, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் விடை கண்ணுக்கு முன்னால் நிறமாகவே தெரிந்தது. ஒவ்வொரு உதைக்கும் பின்னால், பரப்புக்குக் கீழே, இரண்டு சின்னச் சுழல்கள் ஜோடியாகப் பின்னோக்கி உருண்டு போயின. பூச்சியை முன்னே தள்ளுவது அவைதான். அலைகளின் பங்கு சொற்பம் என்று அவர்கள் கணித்தார்கள். நடுக்கால் இரண்டும் துடுப்பு. ஆனால் தலைமுடி அளவு காலுக்குத் துடுப்பின் அகலம் எங்கிருந்து வந்தது? நிழலில் பார்த்தோமே, அந்தக் குழிதான் துடுப்பின் பலகை. பரப்பைக் கிழிக்காமல், குழியோடு சேர்த்துத் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. படகோட்டி செய்வதும் இதுதான், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு.

அவர்கள் அதே முறையில் ஒரு பொம்மைப் பூச்சியும் செய்தார்கள். 9 சென்டிமீட்டர் நீளம், 0.35 கிராம் எடை. உடம்பு குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகடு, கால் எஃகுக் கம்பி, முடுக்கியது ஓர் எலாஸ்டிக் இழை. அதுவும் தண்ணீர்மேல் துடுப்புப் போட்டு ஓடியது.

அப்புறம், இந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து எம்பிக் குதிக்கவும் செய்யும். ஓங்கி உதைத்தால் பரப்பு பிய்ந்து கால் உள்ளே போய்விடும், உதைத்த விசை வீண். அதனால் முதலில் மெதுவாக அழுத்தி, குழி ஆழமாக ஆகக் காலை உள்நோக்கிச் சுழற்றிக்கொண்டே விசையைக் கூட்டுகிறது. 2015இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் சேர்ந்து இதே பாணியில் 68 மில்லிகிராம் எடையில் ஒரு ரோபோ செய்தன. தரையிலிருந்து எவ்வளவு உயரம் எம்பியதோ, கிட்டத்தட்ட அதே உயரத்துக்குத் தண்ணீரிலிருந்தும் எம்பியது.