ஆஃப் சீசனில் ஒரு வேப்பங்கொட்டை மூட்டை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற வழியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற சரிவில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து மரம் வைத்து வருகிறோம்.

கார்த்திகை நடவுக்கு வந்த கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? வேன் பிடித்து வந்து, செல்ஃபி எடுத்து, லெமன் சாதம் சாப்பிட்டுப் போனார்கள். இன்றைக்கு நாங்கள் ஐந்து பேர். ஆஃப் சீசனாம்! நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்து வீட்டில் படுத்திருந்தேன்.

மாசியிலேயே தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல்லைச் செதுக்கிய வெற்றுப் பட்டை, வெட்டியாகிவிட்டது. புல் காய்ந்து கிடக்கும் நேரத்தில் ஒரு பீடித் துண்டு போதும், மூன்று வருட உழைப்பு சாம்பல். அப்புறம் கத்திரி. வேலூர் வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்டு, டிராக்டர் டேங்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். 'சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு' என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது கரைபுரண்டு வரும், மற்ற நாளெல்லாம் மணல்.

சரி, இப்போது ஆனி பிறந்துவிட்டது. கேமராவைக் கீழே காட்டுகிறேன், பாருங்கள். இது முழுக்க வேப்பம்பழம். மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்ததை விடிகாலையிலேயே பொறுக்கிவிட வேண்டும். சதையைப் பிசைந்து கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, உடனே மண் நிரப்பிய நர்சரிப் பையில் ஊன்ற வேண்டும். இந்த 'உடனே' எனக்குப் போன வருடம்தான் புரிந்தது. ஒரு மூட்டை பொறுக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஷெட்டில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டேன். ஒன்றரை மாதம் கழித்து வந்து ஊன்றினால், பை வரிசையில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் முளை. வேப்பங்கொட்டைக்கு உயிர் இரண்டு மூன்று வாரம்தான். எண்ணெய் ஆட்ட வைத்திருக்கலாம், முளைக்க வைக்க முடியாது. நாவல் கொட்டையும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு லாபம், ஒரே கொட்டையில் இரண்டு மூன்று கன்றுகூடக் கிளம்பும்.

சரக்கொன்றை நேர் எதிர். தோல் கல் மாதிரி. கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறினால்தான் அசையும்.

இப்போது ஆட்டுக் கதை. கன்றைக் கடித்துவிட்டுப் போகும் ஆட்டை நான் எத்தனை வீடியோவில் திட்டியிருக்கிறேன்! நர்சரியில் வேலை செய்யும் ஆயா நேற்று ஒரு முறம் புழுக்கையோடு வந்து நின்றார். "இன்னா நயினா மூஞ்ச சுளிக்கிற, கருவேலங்கொட்டை வேணும்னியே, பட்டியில போய்ப் பொறுக்கு. ஆடு காயைத் தின்னுட்டு கொட்டையப் பதமாக்கிப் போட்டுருக்குது." உண்மைதான். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த கொட்டையின் தோல் இளகிவிடுவதால் சீக்கிரம் முளைக்கிறது. வெந்நீர்ச் செலவும் மிச்சம். ஆட்டுக்காரரிடம் முள்வேலிச் சண்டை போட்டவன் நான், இன்று காலை அவர் பட்டியிலேயே உட்கார்ந்து பொறுக்கினேன். அவர் சிரித்த சிரிப்பை எடிட்டில் வெட்டிவிடுவேன்.

நர்சரிப் பையில் நிரப்பும் மண் கலவை கேட்டவர்களுக்கு: செம்மண் இரண்டு கூடை, மணல் ஒன்று, மக்கிய சாணி எரு ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கி இடம் மாற்றி வையுங்கள். இல்லையென்றால் வேர் பையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிடும், நடவு அன்று பிடுங்கினால் அறுந்துபோகும்.

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. உலர்த்திய கொட்டை வெளியில் கிடக்கிறது, ஆயா சத்தம் போடுகிறார். போனை வைத்துவிட்டு ஓடுகிறேன்.