பச்சை முக்கோணம் சொல்லாத சேதி

(பாலக்கோட்டில் காய்கறி விவசாயிகளும் மருந்துக் கடைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விவசாயப் பெருமக்களே, கடை நடத்தும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"தக்காளிக்கு மருந்து அடிக்கணும்" என்றுதான் நாம் சொல்கிறோம். அந்த டப்பாக்களில் சிலவற்றின் மேல் "விஷம்" என்று அச்சிடச் சொல்கிறது சட்டம். வாயில் மருந்து, டப்பாவில் விஷம். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-ல் விதிகள் வந்தன. லேபிளில் முனையில் நிற்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்க வேண்டும், அது லேபிள் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது விதி. சதுரத்தின் மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப் பாதியில் நிறம். அந்தக் கீழ்ப் பாதிதான் நான் சொன்ன முக்கோணம். நிறம் எப்படி முடிவாகிறது? சோதனை விலங்குகளில் பாதி சாகிற அளவை, உடல் எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். வாய்வழியாக 1 முதல் 50 வரை என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், 5000-க்கு மேல் பச்சை. தோல் வழியாக ஏறும் அளவுக்கும் தனி எல்லைகள் உண்டு.

அந்த நிறம் சொல்வது அவ்வளவுதான். ஒரே தடவையில் உடம்புக்குள் எவ்வளவு போனால் கொல்லும் என்பது மட்டும். பத்து வருடம் வாரா வாரம் அடித்தால் என்ன ஆகும், குளத்து மீனுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆனால் நம் கண் பச்சையை எப்படிப் படிக்கிறது? சிக்னலில் பச்சை என்றால் போகலாம். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம். அதே பச்சையை அரசாங்கமே பூச்சிக்கொல்லியிலும் போடச் சொன்னது. பார்க்கிறவர் "இது ஒண்ணும் பண்ணாது" என்று கையுறை இல்லாமல் கலக்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேன்கோசெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக் கருகலுக்கு நாம் அடிப்பதுதான். எலிக்கு 5000-க்கு மேல் என்பதால் பச்சை முக்கோணம். அதே மேன்கோசெப்புக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் புதுப்பிக்க மறுத்தது. ஹார்மோன்களைக் குலைக்கிறது, இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. முக்கோணம் பொய் சொல்லவில்லை. அதனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

நம் பக்கத்துக்கே உரிய உதாரணம் இன்னொன்று உண்டு. காய்ப்புழுவுக்கு அடிக்கிற குளோரன்ட்ரானிலிப்ரோலும் பச்சைதான். மனிதனுக்கு உடனடி ஆபத்து குறைவு, புழுவுக்கு நல்ல கொல்லி. ஆனால் பட்டுப்புழுவும் புழுதானே? தக்காளித் தோட்டத்தை ஒட்டி மல்பெரி இருந்து, காற்றில் சாரல் போய் இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழுக் கூட்டமே போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தக்காளியும் மல்பெரியும் வரப்பு ஒட்டிக் கிடக்கின்றன. மல்பெரி வைத்திருக்கிறவரிடம் முதல்நாளே சொல்லிவிட்டு, காற்று அடங்கிய நேரத்தில், மல்பெரிக்கு எதிர்ப்பக்கமாகக் காற்று போகும்போது அடிக்க வேண்டும். இந்த எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் கிடக்கும். முன்பக்கத்தில் கண்ணில் படுவது பச்சை மட்டும்.

சிவப்புக்கு நடக்கிறது இதற்கு நேர் எதிர். "சிவப்பு போட்டது குடுங்க, அதுதான் வீரியம்" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எச்சரிக்கையே விளம்பரமாகிவிட்டது. எலியைக் கொல்லும் திறனுக்கும் காய்ப்புழுவைக் கொல்லும் திறனுக்கும் சம்பந்தமில்லை என்று கடைக்காரர்கள்தான் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

அளவுக்கு வருவோம். லேபிள் ஹெக்டேரில் பேசும். நாம் ஏக்கரிலும் டேங்கிலும் மூடியிலும் பேசுகிறோம். ஹெக்டேருக்கு 1500 கிராம், 750 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு அது சுமார் 600 கிராம், 300 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம். 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம், ஏக்கருக்கு 19 டேங்க். ஆனால் பத்து டேங்கிலேயே ஏக்கரை முடித்துவிடுகிறவர் டேங்குக்கு 32 கிராமே போட்டால், நிலத்தில் விழுவது 320 கிராம், பாதிதான். நோய் நிற்காது. "மருந்து சரியில்லை" என்று அடுத்த முறை அதோடு இன்னொன்றைக் கலந்து அடிப்பார். முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் பார்த்து, உங்கள் ஏக்கருக்கு எத்தனை டேங்க் ஆகிறது என்று எண்ணுங்கள். ஏக்கர் அளவை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். மூடியால் அளக்காதீர்கள், ஒவ்வொரு டப்பாவுக்கும் மூடி வேறு.

காத்திருப்புக் காலம், அதாவது மருந்து அடித்த பின் பறிக்காமல் விட வேண்டிய நாட்கள், இன்னொரு சிக்கல். ஒரே அறுவடை உள்ள பயிருக்கு 7 நாள் காத்திரு என்றால் காத்திருக்கலாம். தக்காளி பறிக்க ஆரம்பித்தால் மூன்று நாள், நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. 7 நாள் விட்டால் பழம் வெடிக்கும், மண்டியில் விலை இருக்காது. ஆகவே அந்த வரி படிக்கப்படுவதில்லை. நீண்ட காத்திருப்பு உள்ளதைக் காய் பிடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பறிப்பு தொடங்கியபின், பறிப்பு இடைவெளியை விடக் குறைந்த நாள் உள்ளதை மட்டும், பறித்த அன்று சாயங்காலமே அடியுங்கள்.

கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் அணியச் சொல்கிறது லேபிள். பங்குனி சித்திரை வெயிலில் யார் அணிவது? உலக உணவு வேளாண் அமைப்பின் 2013 நடத்தை நெறியே, வெப்ப நாட்டுச் சிறு விவசாயிக்கு அணியச் சங்கடமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத கவசம் தேவைப்படும் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் லேபிளில் ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு தெளிப்பவர் தோளுக்கு மாறிவிடுகிறது. "எழுதியிருந்தோமே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படித் தப்பிப்பது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் எள் கலந்த உணவில் அதை ஒவ்வாமைப் பொருளாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் வந்தது. எந்திரத்தைச் சுத்தமாகக் கழுவி எள் படாமல் செய்வது செலவு என்று, சில நிறுவனங்கள் ரொட்டியில் வேண்டுமென்றே எள் மாவைச் சேர்த்து, "எள் உள்ளது" என்று எழுதிவிட்டன. எள் ஆகாதவர்கள் அதுவரை தின்ற ரொட்டியையும் இழந்தார்கள்.

கடைக்கார நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். பெரிய கேனிலிருந்து வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். லேபிளிலேயே அதிகம் தேவைப்படுவது விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து பற்றிய வரி. அது அந்தப் பாட்டிலோடு வராது. தெளிக்கும்போது ஒருவர் மயங்கினால் உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் பதினைந்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி என்றால் மருத்துவர் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போடுவார். எது என்று தெரியாமல் அவர் தேடிக்கொண்டிருக்கும் நிமிடங்கள்தான் போகிற நிமிடங்கள்.