எதிரி என்று நினைத்த இரைச்சல்

[காட்சி: கோணேசர் மலையிலிருந்து துறைமுகம்]

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர் இங்கிலாந்தில் நடந்தது அவ்வளவாகத் தெரியாது.

பெப்ரவரி 27, 28. பிரித்தானிய ராடர்களில் காது கொடுக்க முடியாத இரைச்சல். ஜெர்மன்காரன்தான் குழப்புகிறான் என்று நினைத்தார்கள். அதில் நியாயமும் உண்டு. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அப்படிக் குழப்பி, ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தன. ஆனால் பிரித்தானிய இராணுவத்துக்காக ராடர் குழப்பத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே இரைச்சல் வந்த திசைகளைச் சேர்த்துப் பார்த்தார். அது சூரியனோடு கூடவே நகர்ந்தது! அப்போது சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம். போர் இரகசியம், அதனால் 1946இல்தான் வெளியிட்டார்.

[காட்சி: வரைபடம்]

சரி, அந்த இரைச்சலில் என்ன இருக்கிறது? சூரியச் சுவாலை வெடிக்கும்போது எலக்ட்ரான்கள் வெளியே பாய்கின்றன. அவை கடக்கும் இடத்தின் அடர்த்திக்கேற்ற அதிர்வெண்ணில் ரேடியோ அலை பிறக்கிறது. மேலே போகப்போக அடர்த்தி குறையும், அதிர்வெண்ணும் இறங்கும், விசில் சத்தம் இறங்குவதுபோல.

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் விஷயம். அதை வைத்தே இந்த இரைச்சலை வகை பிரிக்கிறார்கள். சில நொடிகளில் செங்குத்தாக விழுந்தால் அது மூன்றாம் வகை: ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கில் ஓடும் எலக்ட்ரான் கற்றை. பல நிமிடம் சாய்ந்து இறங்கினால் இரண்டாம் வகை: நொடிக்கு 1000 கிலோமீற்றர் அளவில் வரும் அதிர்ச்சி அலை. எனக்கு இரண்டாம் வகைதான் பயம் தருவது. ரேடியோ அலை எட்டு நிமிடத்தில் வந்துவிடும். பின்னால் சூரியப் பொருளும் கிளம்பி நம் பக்கம் திரும்பியிருந்தால், அது வந்து சேர ஓரிரு நாள் ஆகும். அதுவரை எச்சரிக்க நேரம் உண்டு.

[காட்சி: மொட்டைமாடி அன்டெனா]

இந்த இரைச்சலைக் கேட்கப் பெரிய தட்டு அன்டெனா தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் உருவான கலிஸ்டோ கருவிக்குள் இருப்பது தொலைக்காட்சிப் பெட்டியின் டியூனர். கேட்பது 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 88 முதல் 108 வரை நம் எஃப்.எம். பாட்டுகள் வரைபடத்தில் தடித்த கோடுகளாய் நிற்கும், அதைக் கண்டுகொள்ளக் கூடாது.

[காட்சி: டச்சு விரிகுடா, மார்கழி மழை]

வடகீழ்ப் பருவமழையில் நாட்கணக்கில் இங்கே வெயிலே தெரியாது. மேகம் இந்த அலைகளை மறைப்பதில்லை. குடை பிடித்துக்கொண்டும் சூரியனைக் கேட்கலாம்.